கூடை தூக்காத பூவாயி

கேளுங்க, நல்லாக் கேளுங்க! ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், நண்டுக்கும் வாய் பேச வந்த நாளில், ஏழுகண்ணூர் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. பெரிய ராஜ்ஜியம் ஒன்றும் இல்லை. காலையில் கூழ் குடித்துவிட்டுக் கிளம்பினால் மத்தியானச் சோற்றுக்குள் சுற்றி வந்துவிடலாம். ஆனால் அங்கே ஏரி ஒன்று இருந்தது பாருங்கள், அம்மாடி, அக்கரை கண்ணுக்கே தெரியாது! ஏரிக்கு ஒரு மதகு. மதகுக்கு ஏழு கண். கண்ணைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர் பாயும், கட்டையை வைத்து அடைத்தால் நின்றுவிடும். ஏரிக்கரைக்குக் கீழே பள்ளத்தில் ஊர். கரை நின்றால் ஊர் உண்டு, கரை போனால் ஊர் இல்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். யார் தப்புப் பண்ணினாலும் பொழுது சாய்வதற்குள் ஒரு கூடை மண்ணைத் தலையில் தூக்கிக்கொண்டு கரைக்கு வர வேண்டும். வந்து, நாலு பேர் காதில் விழும்படி, "நான் பண்ணினது இது, இனி பண்ணப்போறது இது" என்று சொல்லிவிட்டு, மண்ணைக் கரையில் கொட்டி, தொம் தொம் தொம் என்று மூன்று மிதி மிதிக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தத் தப்பைப் பற்றி யாரும் வாயே திறக்கக் கூடாது.

"குழம்புக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன். இனி போட்ட கையோட உப்புச் சட்டியை மூடி வைப்பேன்." தொம் தொம் தொம்.

"கன்னுக்குட்டியைக் கட்ட மறந்து வெத்தலை போட உக்காந்துட்டேன், பாலெல்லாம் அது குடிச்சுடுச்சு. இனி முதல்ல கயிறு, அப்புறம்தான் வெத்தலை." தொம் தொம் தொம்.

ராஜாவுக்கும் இதே கதிதான். "மந்திரி கழட்டி வச்ச தலைப்பாகை மேல உக்காந்துட்டேன். இனி பாத்து உக்காருவேன்." தொம் தொம் தொம். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. மந்திரி மட்டும் சிரிக்கவில்லை.

இப்படி ஒவ்வொரு கூடையாகக் கொட்டிக் கொட்டித்தான் அந்தக் கரை பனைமர உயரத்துக்கு எழும்பி நின்றது.

அந்த மதகைத் திறக்கிறதும் அடைக்கிறதும் பூவாயி என்கிற பெண்ணின் வேலை. கெட்டிக்காரி. புருஷன் வீரணன் கூடை முடைகிறவன். ஊரில் உள்ள அத்தனை மண் கூடையும் அவன் கையால் முடைந்ததுதான். கல்யாணத்துக்கு அவன் பூவாயிக்கு என்று தனியாக ஒரு பிரம்புக் கூடை முடைந்து கொடுத்திருந்தான். அது வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிக் கிடந்தது. தொட்டிலில் ஒரு பெண் குழந்தை. வீடு எங்கே? கரைக்கு நேர் கீழே, முதல் வீடு.

பூவாயி மதகு வேலைக்கு வந்த வருஷம் மழையே இல்லை. ஏரியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். தப்புப் பண்ணுவதற்காவது தண்ணீர் வேண்டாமா? ஒரு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. ஆடிப் பெருக்கு அன்றைக்கு ராஜா சபையைக் கூட்டி, அவள் கையில் ஒரு வெள்ளிக் காப்பைப் போட்டுவிட்டார்.

"ஒரு வருஷமா ஒரு கூடை மண்ணுகூட இவ தூக்கல! பாத்துக்கங்க எல்லாரும்! நம்ம பூவாயி தப்பே பண்ண மாட்டா!"

சபை கை தட்டியது. பூவாயிக்குப் பெருமையில் தலை சுற்றியது. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே பயம் பிடித்துக்கொண்டது. ஐயோ, நாளைக்கே ஒரு தப்புப் பண்ணிவிட்டால்? ஊர் என்ன பேசும்? ராஜா என்ன நினைப்பார்? அன்றையிலிருந்து அந்தக் காப்பு அவள் கையில் நெருப்பாகக் காய்ந்தது.

பயந்துகொண்டே செய்கிற வேலை உருப்படுமா? ஆவணி மாசம். அந்த வருஷம் ஏரியில் பாதித் தண்ணீர். மத்தியானம் ஏழு கண்ணையும் திறந்தவள் சாயங்காலம் ஆறு கண்ணை அடைத்தாள். மூன்றாம் கண்ணை மறந்தே போனாள். விடியற்காலை வந்து பார்த்தால், சின்னாண்டி விதைத்து வளர்த்த நாற்று மொத்தமும் வேரோடு பிடுங்கிக்கொண்டு வெள்ளத்தில் மிதக்கிறது.

பூவாயி மதகுக்கு ஓடினாள். கட்டையை வைத்துக் கண்ணை அடைத்தாள். "கூடை தூக்கணுமே, எல்லாரும் பாப்பாங்களே, பாப்பாங்களே" என்று மதகுக் கல்லில் உட்கார்ந்து அழுதாள்.

அப்போது கல் இடுக்கிலிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. புளியங்கொட்டை அளவு இருக்கும். செம்பு நிறம்.

"ஏன் பூவாயி அழுவுற? உன் தப்பை எங்கிட்ட கொடு. நான் தின்னுடுறேன்."

"தப்பைப் போய் யாராவது திங்க முடியுமா?"

"நான் திம்பேனே! கொண்டா கொண்டா, நறுக்கு நறுக்கு! யாரு கண்டா? யாரும் காணல!"

"அதுக்கு நான் உனக்கு என்ன தரணும்?"

"ஒண்ணும் வேண்டாம் தாயி. இந்தக் கரையில ஒரு ஓரமா குடியிருக்க இடம் கொடு, போதும்."

இவ்வளவு பெரிய கரையில் புளியங்கொட்டை நண்டுக்கு இடமா இல்லை? பூவாயி சரி என்றாள். நண்டு தன் கொடுக்கை இரண்டு தடவை நறுக்கு நறுக்கென்று மூடித் திறந்தது. திரும்பிப் பார்த்தால் நாற்று பச்சைப் பசேலென்று நிற்கிறது. வரப்பில் சின்னாண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறான்.

"அண்ணே, உங்க நாத்து..." என்றாள் பூவாயி.

"நாத்துக்கு என்னம்மா? ஜோரா இருக்கு! நீ மதகுல இருக்கிற வரைக்கும் எனக்கு என்ன கவலை?"

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கினாள். சரியாக ஒரே ஒரு நாள்.

மூன்றாம் நாள் அதே மூன்றாம் கண்ணை மறுபடி மறந்தாள். நண்டு வந்தது. கொண்டா கொண்டா, நறுக்கு நறுக்கு! அப்புறம் தண்ணீர் முறையை மாற்றி விட்டாள். மேலத்தெருவுக்குப் போக வேண்டிய தண்ணீர் கீழத்தெருவுக்குப் போய், பெண்கள் குடத்தால் அடித்துக்கொண்டார்கள். யாரு கண்டா? யாரும் காணல! ருசி கண்டுவிட்டாள் பூவாயி. பால் பொங்கி வழிந்தால் நண்டு, வீரணனின் வேட்டியை முள்வேலியில் காயப்போட்டுக் கிழித்தால் நண்டு, குழந்தையின் கொலுசைக் கிணற்றில் போட்டால் நண்டு. மூன்றாம் கண்ணை மட்டும் எட்டுத் தடவை மறந்தாள் என்றால் பாருங்களேன்! ஆனால் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் ஆணியில் தொங்கும் அந்தக் கூடையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வீரணன் ஒருநாள் கேட்டான்: "என்ன புள்ள, ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்கிற? மனசுல ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணுமில்லைங்க" என்றாள். எழுந்து தொட்டிலை ஆட்டப் போய்விட்டாள்.

நண்டு உள்ளங்கை அளவானது. முறம் அளவானது. ஐப்பசி பிறக்கும்போது வண்டிச் சக்கரம் அளவில் இருந்தது. பூவாயி அதைக் கேட்டாள்: "ஏன் நண்டே, ஒரே தப்பைத் திரும்பத் திரும்பப் பண்றேனே, என் கைக்குப் புத்தியே வர மாட்டேங்குதே, ஏன்?"

நண்டு சிரித்தது. "தோலை மட்டும் தின்னா பசி அடங்குமா? உள்ளே இருக்கிற பருப்பையும் சேர்த்துத்தானே திங்கிறேன். உனக்கு வர வேண்டிய புத்தி அத்தனையும் என் வயித்துலதான் இருக்கு."

பூவாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். யாரிடம் போய்ச் சொல்வது? என்னவென்று சொல்வது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பெய்தது, இரண்டு நாள் பெய்தது, மூன்றாம் நாளும் விடாமல் பெய்தது. ஏரி முட்ட முட்ட நிறைந்து கரை விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. மூன்றாம் நாள் காலையில் பூவாயி கரையடியில் நடந்து பார்த்தாள். ஒரு இடத்தில் தண்ணீர் கசிந்தது. பத்தடி தள்ளி இன்னொரு இடம். அப்புறம் இன்னொன்று. எண்ணிக்கொண்டே போனாள். மொத்தம் ஐம்பத்தாறு ஓட்டை, அது போக ஒரு பெரிய பொந்து. ஒவ்வொரு ஓட்டையும் சரியாக ஒரு கூடை மண் அளவு இருந்தது. அவள் நண்டுக்குக் கொடுத்த தப்புகளும் ஐம்பத்தாறு.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

வைக்கோலைத் திணித்தாள், தண்ணீர் துப்பிவிட்டது. களிமண்ணை அப்பினாள், அதையும் துப்பிவிட்டது. சேலை முந்தானையைக் கிழித்து அடைத்தாள், அதுவும் வெளியே வந்து விழுந்தது. கசிவெல்லாம் விரல் பருமன் ஆகிவிட்டது. கீழே தன் வீட்டுக் கூரையிலிருந்து அடுப்புப் புகை வருவதைப் பார்த்தாள். தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

பெரிய பொந்திலிருந்து நண்டு மெல்ல வெளியே வந்தது.

"ஏன் பதறுற பூவாயி? இதுவும் ஒரு தப்புதானே? கொண்டா, இதையும் தின்னுடுறேன். கரை உடைஞ்சது யாருக்கும் ஞாபகமே இருக்காது."

"கரை உடைஞ்சா ஊரே இருக்காதே!"

"அதைத்தான் நானும் சொல்றேன். யாரு கண்டா? யாரும் காணல!"

அடப்பாவி நண்டே! மதகுக்குப் பக்கத்தில் ஒரு முரசு தொங்கும். கரைக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் அதை அடிப்பார்கள். அடித்தால் ஊரே வரும், ராஜா வருவார், எல்லாரும் கேட்பார்கள். அடிக்காவிட்டால்? அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். நின்றாள். வெள்ளிக் காப்பைப் பார்த்தாள், கீழே வீட்டுக் கூரையைப் பார்த்தாள். ஓடிப்போய்க் கோலை எடுத்து, கை வலிக்க வலிக்க முரசை அடித்தாள்.

ஊர் திரண்டு ஓடி வந்தது. கையில் கூடை, மண்வெட்டி. குடையை விட்டுவிட்டு நனைந்துகொண்டே ராஜாவும் வந்தார். "என்ன ஆச்சு பூவாயி?"

"நண்டு... நண்டு வளை போட்டுடுச்சு ராஜா!"

பத்துப் பேர் முதல் ஓட்டையில் மண்ணைக் கொட்டி மிதித்தார்கள். தொம் தொம் தொம். கொட்டிய மண் கரைந்து ஓடிவிட்டது.

"மழை... இந்த வருஷம் மழை ஜாஸ்தி ராஜா!"

மறுபடி கொட்டினார்கள். மறுபடியும் கரைந்து ஓடியது. இப்போது தண்ணீர் கை பருமனில் பாய்ந்தது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கக் கீழே ஓடினார்கள். பூவாயி கையாலேயே மண்ணை வாரி வாரி அப்பினாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீரணன் வந்தான். ஒரு தோளில் குழந்தை, இன்னொரு கையில் ஆணியில் தொங்கிய அந்தக் கூடை, நிறைய மண். அதை அவள் முன்னால் வைத்தான்.

"நீ கூடையே தூக்கலைன்னு ஊரு பெருமைப்பட்டுச்சு. நான் ஒரு நாளும் பெருமைப்படல புள்ள, பயந்துதான் கிடந்தேன். எதுவா இருந்தாலும் சொல்லிடு. நாங்க இங்கதானே நிக்கிறோம்."

பூவாயி கூடையைத் தலைக்குத் தூக்கினாள். மழையும் கண்ணீரும் ஒன்றாக வழிந்தன.

"ஆவணி மாசம் மூணாம் கண்ணை அடைக்க மறந்தேன். சின்னாண்டி அண்ணன் நாத்து மொத்தமும் மிதந்துபோச்சு. அதை நண்டுக்குக் கொடுத்து மறைச்சுட்டேன். நான் பண்ணினது இது! இனி ஒவ்வொரு கண்ணையும் கையால தொட்டு, வாயால எண்ணிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்!"

கொட்டினாள். தொம் தொம் தொம். மண் நின்றது! கல்லாக நின்றது! முதல் ஓட்டை அடைபட்டது.

ஆனால் மாயம் கலைந்தால் சும்மா போகுமா? கரையிலிருந்து பார்த்தால் தெரியும் சின்னாண்டியின் வயல், இடுப்பு உயரத்துக்கு நின்ற பயிர், கண் முன்னாலேயே மங்கி மறைந்து வெறும் சேறாகிவிட்டது. சின்னாண்டிக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

"அடிப்பாவி! என் பயிரு! என் புள்ளைங்க சோறு!" என்று மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு வந்தான்.

பூவாயி அசையவில்லை. "ஆமாண்ணே, நான்தான். திட்டுங்க, அடிங்க, எல்லாம் அப்புறம். இப்ப எனக்கு ஒரு கூடை மண்ணு கொடுங்க."

சின்னாண்டி அவளையே முறைத்தான். பிறகு மண்வெட்டியை மண்ணில் இறக்கினான். கூடையை நிறைத்துத் தூக்கிக் கொடுத்தான். "சொல்லு சீக்கிரம்!" என்று கத்தினான்.

அவள் சொன்னாள், ஊர் மண்ணைக் கொட்டியது. தண்ணீர் முறையை மாற்றி விட்டதைச் சொன்னாள், தொம் தொம் தொம். கொலுசு கிணற்றில் விழுந்ததைச் சொன்னாள், தொம் தொம் தொம். பொங்கிய பால், கிழிந்த வேட்டி, தீய்ந்த களி. ஒவ்வொன்றுக்கும் இனி என்ன செய்வாள் என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் கைக்குள் ஏதோ திரும்பி வந்து உட்கார்ந்தது. நண்டு முறம் அளவு சுருங்கியது, உள்ளங்கை அளவு சுருங்கியது. ஐம்பத்தாறாவது ஓட்டை அடைபட்டபோது பூவாயிக்குக் குரலே இல்லை.

ஆனால் அந்தப் பெரிய பொந்து? அது மட்டும் அடையவில்லை. மண்ணைக் கொட்டக் கொட்டத் தண்ணீர் வாரி வீசியது. கரை கிடுகிடுத்தது.

"இன்னும் எதை மறைக்கிற? சொல்லித் தொலை!" என்று கூட்டம் அலறியது.

"சத்தியமா அவ்வளவுதான்! வேற ஒண்ணுமே இல்ல!" பூவாயி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கரையில் விரிசல் ஒன்று விழுந்தது.

அப்போது ராஜா அந்தப் பிரம்புக் கூடையை எடுத்தார். தன் கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டார். கிரீடத்தைக் கழற்றி மந்திரியிடம் கொடுத்துவிட்டு, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பொந்துக்கு முன்னால் போய் நின்றார்.

"ஒரு மனுஷியைப் பாத்து, நீ தப்பே பண்ண மாட்டேன்னு சபையில சொன்னேன். காப்பு வேற போட்டேன். அன்னைக்குத்தான் இந்தப் புள்ளை வாயை நான் அடைச்சேன். நான் பண்ணினது இது! இனி கூடை தூக்கி வந்து உண்மையைச் சொல்றவங்களுக்குத்தான் என் கையால காப்புப் போடுவேன்!"

கொட்டினார். தொம். தொம். தொம்.

பொந்து அடைபட்டது. தண்ணீர் நின்றது. மண்ணுக்கடியிலிருந்து புளியங்கொட்டை அளவில் ஒரு நண்டு நசுங்கித் தப்பி வெளியே வந்தது. கொடுக்கைத் தூக்கி ஏதோ சொல்லப் பார்த்தது. சத்தமே வரவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு பக்கவாட்டில் நடந்து தண்ணீருக்குள் போய்விட்டது. அன்றோடு நண்டுகளுக்குப் பேச்சு நின்றது, இன்றுவரை வரவில்லை.

சாயங்காலம் மழை விட்டது. பூவாயி காப்பைக் கழற்றி ராஜாவிடம் நீட்டினாள். "மதகுக்கு வேற ஆள் பாருங்க ராஜா. எனக்கு அந்தத் தகுதி இல்ல."

ராஜா பதில் சொல்வதற்குள் சின்னாண்டி குறுக்கே வந்தான். கோபம் இன்னும் ஆறவில்லை அவனுக்கு. "வேற ஆளா? புது ஆளு வந்து, இந்த ஐம்பத்தாறு தப்பையும் முதல்லேருந்து பண்ணுறதுக்கா? எல்லாத்தையும் பண்ணித் தெரிஞ்சுக்கிட்டவ இவ ஒருத்திதான். ஒழுங்கா இவளே இருக்கட்டும்!"

ஊர் கொல்லென்று சிரித்தது. பூவாயியும் சிரித்தாள், எத்தனையோ நாளைக்கு அப்புறம். காப்பை மட்டும் ராஜா வாங்கி வைத்துக்கொண்டார். மழைத் தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்கு ஒரு கட்டு நாற்று என்று ஊரே கொண்டுவந்து கொடுத்தது. பூவாயியும் வீரணனும் சின்னாண்டியின் வயலில் இறங்கி, இடுப்பு ஒடிய அதை நட்டுக் கொடுத்தார்கள். தைக்குப் பதிலாக மாசியில் அறுத்தான் சின்னாண்டி. ஒரு குறையும் இல்லாத விளைச்சல். அடுத்த ஆடிப் பெருக்குக்கு, கூசாமல் அதிகக் கூடை தூக்கியவர் யாரென்று ராஜா கேட்டார். ஊர் பூவாயியைக் கை காட்டியது. அந்தக் காப்பு மறுபடியும் அவள் கைக்கே வந்து சேர்ந்தது. இந்தத் தடவை அது சுடவில்லை.

மறுநாள் காலையில் பூவாயி என்ன பண்ணினாள் தெரியுமா? குழம்புக்குப் புளி கரைத்து ஊற்ற மறந்துவிட்டாள். ஆணியிலிருந்து கூடையை எடுத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கரையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

கதை முடிஞ்சுது, ஆனா எழுந்திருக்காதீங்க. ராஜா ராஜான்னு சொல்லிக்கிட்டே வந்தேனே, அந்த மனுஷன் பேரைச் சொன்னேனா? சுத்தமா மறந்துட்டேன்! அவர் பேரு செங்கோடன். நான் பண்ணினது இது. இனி பேரைச் சொல்லிட்டுத்தான் கதையை ஆரம்பிப்பேன். எங்கே, அந்தக் கூடையை இப்படித் தள்ளுங்க.

தொம் தொம் தொம்.